மெஷின் நின்ற பிறகும் பாடு என்றவன்

எட்வின் செத்துப்போன சேதி எனக்குக் காலை டீ இடைவேளையில்தான் தெரிந்தது. எங்கள் ஷூ கம்பெனியில் தையல் லைனுக்குள் போகும் முன் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அவன் விடியற்காலையிலேயே போய்விட்டான். ஆம்பூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டே, அவன் எனக்குச் சீராக்கிக் கொடுத்த பாட்டையே பாடிக்கொண்டிருந்தேன்.

போனைத் திறந்தேன். எங்கள் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் முதலாளி சேகரின் குரல். "எங்கள் அன்புத் தம்பி எட்வின் நம்மோடு இல்லை... இல்லை... இல்லை..." என்று எக்கோ போட்டு, பின்னால் புல்லாங்குழலையும் ஓடவிட்டு அனுப்பியிருந்தார். சாவுச் சேதிக்கு எக்கோ! மேடைக்கு மேடை எக்கோ வேண்டாம் என்று இவரிடம் சண்டை போட்டவன் எட்வின். அவன் செத்ததைக்கூட எக்கோ இல்லாமல் சொல்ல இவருக்கு வாய் வரவில்லையா? எனக்கு அழுகை பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கோபம். அது இன்னும் அடங்கவில்லை. அதனால் நினைவஞ்சலி என்றால் எப்படி எழுத வேண்டுமோ அப்படியெல்லாம் என்னால் எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம், அவனை இன்னும் அடக்கம்கூடச் செய்யாத நேரத்தில், சேகரிடமிருந்து அடுத்த சேதி வந்தது. எட்வினுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் இசையஞ்சலி நடக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் எட்வினுக்குப் பதில் உட்கார ஆள் இல்லாததால் எல்லாப் பாட்டும் டிராக் என்று. டிராக் என்றால் முன்கூட்டியே பதிவுசெய்த பாட்டை ஓடவிட்டு, நாங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பது. எட்வினின் அஞ்சலிக்கு வாயசைப்பு! நான் அங்கே பாடப்போகிறேனா, வாயசைக்கப்போகிறேனா என்பதுதான் அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் திருவிழா மேடையில் பாடியவர்களுக்கு எட்வினைத் தெரியாமல் இருக்காது. பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் இறக்கி, வயர் இழுத்து, கூட்டத்துக்குப் பின்னால் மிக்ஸர் முன்னாடி உம்மென்று உட்கார்ந்திருப்பானே, அவன்தான். "செக், செக், ஹலோ" என்பதைத் தவிர மைக்கில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. என்னைவிடச் சின்னவன். அவன் என்னை "கஸ்தூரிக்கா" என்பான், நான் வாடா போடா என்பேன். மற்ற நாட்களில் கம்பெனிகளுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கும் எலக்ட்ரீஷியன். மார்த்தா என்று ஒரு மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை.

எப்படிச் செத்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன், அஞ்சலி போஸ்டரில் யாரும் போடவில்லை. பள்ளிகொண்டா பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரி. முந்தின நாளும் வேறு ஊரில் கச்சேரி, கண் மூடவில்லை. முடித்துச் சாமானைக் கட்டும்போது, லோடு வண்டியின் டிரைவர் வரவில்லை. "நீயே ஓட்டிட்டு வந்துடு எட்வின். மத்தியானம் திருப்பத்தூர்ல கல்யாணம் இருக்குது" என்று சொல்லிவிட்டு சேகர் காரில் ஏறிப் போய்விட்டார். மாதனூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் வண்டி போய் மோதியது. விதி, விதி என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்ன விதி? அவன் தூங்கிவிட்டான். தூங்க விடாமல் வேலை வாங்கினால் மனுஷன் தூங்கிவிடுவான், அவ்வளவுதான்.

நான் குழுவில் சேர்ந்த கதை எங்கள் லைன் பெண்களுக்குத் தெரியும். கம்பெனி ஆண்டு விழாவில் பாடினேன், கைதட்டினார்கள், சேகர் கூப்பிட்டார். ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே இருந்த அறையில் ஒத்திகை. மசாலா வாசனையில் பாதி பேருக்குக் கவனம் சாப்பாட்டின் மேலேயே இருக்கும். முதல் நாள் நான் பல்லவியை எடுத்ததும் எட்வின் எக்கோவை அணைத்துவிட்டான். என் குரல் உரித்த கோழி மாதிரி வெளியே வந்து நின்றது. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"டேய், எக்கோ போடுடா" என்றேன்.

"போட மாட்டேன்க்கா."

"இன்னாத்துக்குப் போட மாட்ட? எல்லாருக்கும் போடுற இல்ல?"

"அவங்கள்லாம் கேட்டு வாங்கிக்கிறாங்க. எக்கோ ஜாஸ்தி போட்டா உன் தப்பு உனக்குத் தெரியாதுக்கா. கேக்குற ஜனங்களுக்கு மட்டும் தெரியும்."

கீபோர்டு வாசிப்பவர் சிரித்தார். சேகர், "சுருதி நிக்கல கஸ்தூரி, மேல மேல ஏறுது. கோரஸ்ல நில்லு, போதும்" என்றார். ஆண்டு விழாவில் கைதட்டு வாங்கினவள் கோரஸில் நிற்பதா? எட்வினைக் கண்டபடி திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவன் பாட்டுக்கு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பிறகு ஒரு நாள் எங்கள் லைனில் மோட்டார் ரிப்பேர் பார்க்க அவனே வந்தான். நான் அவனைப் பார்க்காத மாதிரி தைத்துக்கொண்டு, வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தேன். எங்கள் லைனில் பாட்டு இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் வரிசையாக மெஷின்கள் இரையும் அந்தச் சத்தத்தில், என் குரல் என் காதிலேயே விழ வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அப்போது திடீரென்று கரண்ட் போனது. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. என் குரல் மட்டும் நடுவில் ஓவென்று கத்திக்கொண்டு நின்றது. லைனே சிரித்தது. பக்கத்து மெஷின் சாந்தி, "இன்னாடி, யாரையாவது பஸ்ஸுக்குக் கூப்புடுறியா?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எட்வின் மட்டும் சிரிக்கவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு என்னிடம் வந்தான்.

"க்கா, உன் சுருதி கெட்டுப்போகல. நீ மெஷின் சத்தத்துக்கு மேல ஏறிப் பாடுற. மேடையில மெஷின் இல்ல. ஆனா உன் காதுக்கு அது தெரியல. இல்லாத மெஷினுக்கு மேல கத்திக்கினு இருக்குற."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"இப்ப பாடு. கரண்ட் வர்றதுக்குள்ள. சின்னதா பாடு."

வராது என்றேன். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாத இடத்தில் சின்னக் குரலில் பாடுவதற்கு எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது, நடுத்தெருவில் நிற்க வைத்த மாதிரி. பாடவில்லை. கரண்ட் வந்துவிட்டது. அவன் போகும்போது, "சுருதி தப்பினா திரும்பி வந்துடலாம்க்கா. வாய மூடிட்டா எங்க திரும்பி வருவ?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குப் பிடிக்கவே இல்லை.

எங்களைப் போல மெஷின் சத்தத்தில் பாடிப் பழகியவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பார்கள்! எல்லாரையும் சுருதி சேராத ஜன்மங்கள் என்று கோரஸில் தள்ளிவிடுவார்கள். எட்வின் தள்ளவில்லை. எலக்ட்ரீஷியன்கள் போனை உள்ளே கொண்டுபோகலாம். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எங்கள் லைனின் மெஷின் சத்தத்தை அப்படியே பதிவுசெய்தான். அடுத்த ஒத்திகையில் அதை என் காலடியில் இருந்த மானிட்டரில் ஓடவிட்டான். மானிட்டர் என்பது பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்காக மேடையில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர். பிரியாணிக் கடை மாடியில் எங்கள் கம்பெனி இரைந்தது. நான் பாடினேன், சரியாக வந்தது. அடுத்த முறை சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். வீட்டில் பழகுவதற்காக அதே மாதிரி குறைத்துக் குறைத்துப் பதிவுசெய்து என் போனுக்கும் அனுப்புவான்.

கீபோர்டுக்காரரிடமும் சண்டை போட்டான். சினிமாவில் பாடிய அதே சுருதிக் கட்டையில்தான் வாசிப்பேன், ஜனங்கள் அதைத்தான் கேட்பார்கள் என்று அவர் பிடிவாதம். "பாடுனவங்க தொண்டை வேற, இந்தக்கா தொண்டை வேற. ஒரு கட்டை இறக்குங்க. தொண்டை கிழிஞ்சி நின்னா ஜனங்க உங்களையா திட்டுவாங்க?" என்றான். கட்டை இறங்கியதும் உச்ச வரியில் என் குரல் நடுங்குவது நின்றது. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, வாயை மூடி முதல் சுரத்தை முனகிப் பார்த்துவிட்டு அப்புறம் வாயைத் திற என்றான். இன்று வரை அப்படித்தான் தொடங்குகிறேன். அது மேடைக்கு அழகாக இல்லை என்று சேகர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அழகு பார்க்க வந்தவர்கள் சீரியல் லைட்டைப் பார்க்கட்டும்.

குடியாத்தம் பக்கத்துத் திருவிழா ஒன்றில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. நான் கோரஸிலிருந்து முன்னால் வந்து தனியாகப் பாடிய முதல் மேடை. முன்வரிசையில் விழாக் கமிட்டி ஆட்கள் சோபா போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் எழுந்து வந்து, என் காலடியில் இருந்த மானிட்டரைத் தங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். விருந்தாளிகளுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கியிருந்தது!

சேகர் உடனே திருப்பி வைத்துவிட்டார். எனக்கு என் குரல் கேட்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல் மட்டும்தான். பழைய மெஷின் ஞாபகம் வந்துவிட்டது போல, தொண்டை தானாகக் கத்த ஆரம்பித்தது. காதைப் பொத்தினேன். "இன்னாம்மா, காது வலியா?" என்று எவனோ கத்தினான். விசில் பறந்தது. எட்வின் மிக்ஸரை விட்டு எழுந்து கூட்டத்துக்குள் புகுந்து ஓடி வந்து, மானிட்டரை என் பக்கம் திருப்பி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"தம்பி, எழுந்திரு" என்றார் கமிட்டிக்காரர்.

"எழுந்துக்க மாட்டேன். பாடுறவங்களுக்கு அவங்க குரல் கேக்கணும். கேக்காம எப்படிப் பாடுவாங்க? நீங்க கண்ணக் கட்டிக்கினு தேர் இழுப்பீங்களா?"

ஊரே அவனைப் பார்த்தது. அந்தப் பாட்டு முடியும் வரை அவன் அந்த ஸ்பீக்கர் மேலேயே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டாவது சரணத்தில் சுருதி நழுவியது. அவன் முகம் மாறவே இல்லை. கையை மட்டும் வா வா என்று அசைத்தான். வந்துவிட்டேன். கைதட்டு நன்றாகவே விழுந்தது. முடிந்ததும் சேகர் கமிட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். எட்வினை எல்லார் முன்னாலும், "ஒலி பாக்குறவன் ஒலி பாக்குறவனா இருக்கணும்" என்று ஏசினார். அதே சேகர்தான் போஸ்டரில் "எங்கள் குழுவின் உயிர்மூச்சு" என்று போட்டிருக்கிறார். உயிர்மூச்சுக்கு ஒரு டிரைவரை வைக்க முடியவில்லை.

எட்வின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கமிட்டிக்காரரிடம் எழுந்துக்க மாட்டேன் என்றவனுக்கு, சேகரிடம் ஓட்ட மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. எத்தனை முறை சொன்னேன், "அந்தாள விட்டுத் தொலைடா, மோட்டார் வேலையே போதும்" என்று. "நான் போய்ட்டா டிராக் போட்டுடுவாங்கக்கா. அப்புறம் உங்களுக்கெல்லாம் மைக் எதுக்கு?" என்பான். எங்களுக்காகப் பார்த்தானாம். தன் பெண்டாட்டி பிள்ளைக்காகப் பார்த்திருக்கக் கூடாதா? "எனக்குத் தூக்கம் வந்தா ஓரமா நிறுத்திடுவேன்க்கா" என்று என்னிடம் சொன்னான். நிறுத்தவில்லையே.

இசையஞ்சலிக்கு ஒரு வாரம் முன்னால் சேகர் என்னைக் கூப்பிட்டார். பழைய கச்சேரியில் நான் பாடிய பாட்டை எடுத்து, வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துச் சுருதியைச் சரி செய்து வாங்கியிருந்தார். போட்டுக் காட்டினார். ஒரு இடத்திலும் பிசகில்லை. மூச்சு வாங்குகிற சத்தம்கூட இல்லை. அது நான் இல்லை.

"இதுக்கு வாயசைச்சா போதும் கஸ்தூரி. நீ அழுதாக்கூடப் பாட்டு கெடாது" என்றார். பிறகு, "எட்வின் குரல் ஏதாச்சும் உன்கிட்ட இருக்குதா? அவன் பேசின மாதிரி ஒண்ணு நடுவுல போட்டா ஜனங்க கலங்கிடுவாங்க. கொஞ்சம் எக்கோ போட்டுக்கலாம்" என்றார்.

அதற்கு முன்பே குழுவில் எல்லாரும் தேடியிருந்தார்கள். யாரிடமும் இல்லை. எல்லார் குரலையும் பதிவுசெய்தவன் குரலை யாரும் பதிவுசெய்யவில்லை. என்னிடம் இருந்தது. அவன் அனுப்பிய மெஷின் சத்தம் ஒவ்வொன்றிலும் தொடக்கத்தில் ஒரு வரி பேசியிருப்பான். எந்தப் பதிவு எது என்று எனக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. "க்கா, இது முழுச் சத்தம்." "க்கா, இன்னிக்கி கொஞ்சம் கம்மி." "க்கா, இது இன்னும் கம்மி, பயப்படாத."

"இல்ல" என்று சேகரிடம் சொன்னேன். இருந்தும் இல்லை என்றுதான் சொன்னேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மார்த்தாவிடம் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மெஷின் சத்தத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டாள். பிறகு, "மண்டபத்துல நீ நெஜமா பாடுவியா?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் லைன் பெண்கள் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் எட்வினின் பெரிய படம். மாலைக்கு மேல் மாலை போட்டு முகமே தெரியவில்லை. நான் மைக்கைப் பிடித்தேன். தட்டிப் பார்த்தேன், உயிர் இல்லை. வாயசைப்பவளுக்கு எதற்கு என்று அணைத்து வைத்திருந்தார்கள். டிராக் தொடங்கியது. அந்தப் பிசகே இல்லாத கஸ்தூரி எக்கோவோடு பாட ஆரம்பித்தாள். என் வாய் திறக்கவில்லை. நான் சும்மா நிற்க, என் குரல் மட்டும் பாடிக்கொண்டே போனது. கூட்டம் முழித்தது. சேகர் லேப்டாப் பக்கத்திலிருந்து, "வாய அசை, வாய அசை" என்று கையைக் காட்டினார்.

முதல் வரிசையில் இருந்த மார்த்தா எழுந்தாள். "அத நிறுத்துங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சேகர் கேட்காத மாதிரி இருந்தார். மார்த்தா நேராக நடந்து போய், சுவரோரம் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். எட்வினின் மனைவி இல்லையா, எந்த பிளக் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாட்டு பாதியில் அறுந்தது. அன்றைக்கு லைனில் கரண்ட் போனதே, அதே மாதிரி. மெஷின் இல்லை, மைக் இல்லை, மானிட்டர் இல்லை, எக்கோ இல்லை. எங்கள் லைன் பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சாந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். செத்த மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடையின் முன்னால் வந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். முதல் சுரத்தை முனகினேன். கிடைத்தது. சின்னக் குரலில் எடுத்தேன். பல்லவி முடியும்போது சுருதி நழுவிவிட்டது. எல்லாருக்கும் கேட்டது. வாயை மூடவில்லை. அதே வரியை இன்னொரு முறை எடுத்து உள்ளே வந்து சேர்ந்தேன். கடைசி வரிசை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது, நான் மாலைக்குள் மறைந்திருந்த அந்தப் படத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தேன். முடித்ததும் கைதட்டு இல்லை. சேகர் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதாக வாட்ஸ்அப்பில் அன்றைக்கே போட்டார். நீக்கட்டும். எனக்கு மைக் தராதவரிடம் எனக்கு என்ன வேலை?

எட்வினைத் தெரிந்தவர்களே, நீங்கள் எல்லாரும் அவனைப் பற்றி நல்லதையே பேசுகிறீர்கள். பேசுங்கள். அடுத்த மேடையில் மானிட்டரைச் சோபா பக்கம் திருப்பச் சொன்னால் அப்போதும் பேசுங்கள். கச்சேரி முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஒருவன் ஸ்டியரிங்கில் உட்காரும்போதும் பேசுங்கள். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு நாமெல்லாம் காரில் ஏறிப் போனோமே, சேகரின் அந்தக் காரில் நானும்தான் இருந்தேன்.

என் போனில் அவன் அனுப்பிய கடைசிப் பதிவு இருக்கிறது. யாருக்கும் தர மாட்டேன், மார்த்தாவுக்கும் அவள் பெண்ணுக்கும் தவிர. டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து காதில் வைத்துக்கொள்கிறேன். "க்கா, இதுல மெஷினே இல்ல. நீ மட்டும்தான். பாடு" என்கிறான். அதற்குப் பிறகு ஒரு பாட்டின் நேரத்துக்குச் சத்தமே இல்லை. முதல் தடவை கேட்டபோது பதிவு கெட்டுவிட்டது என்று நினைத்து அவனையே திட்டினேன். கெடவில்லை. நான் பாடுவதற்காக இடம் விட்டு வைத்திருக்கிறான். அதில் தினமும் பாடுகிறேன்டா, எட்வின். வண்டியை ஓரமாக நிறுத்தாததற்கு மட்டும் உன்னை மன்னிக்க மாட்டேன்.